பிறப்பைப் பார்த்தா, பணியைப் பார்த்தா?

தருமம் செய்ய எண்ணும் வணிகர் முன்னே எப்போதும் இரண்டு கேள்விகள் வந்து நிற்கும். எவ்வளவு கொடுப்பது என்பது ஒன்று. யாருக்குக் கொடுப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பேரேடு பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு உள்ளம்தான் பதில் சொல்ல வேண்டும். தன் இரத்தத்துக்கும் தன் இனத்துக்கும் கொடுப்பது மனித இயற்கை. ஆனால், இயற்கையாக வருவதெல்லாம் நீதியாகிவிடுமா? தன் இனத்தாருக்கென்று ஒதுக்கி வைத்த பொருள் தருமமா? அல்லது தருமத்தின் உடை உடுத்திக்கொண்ட இன வெறியா?

இக்கேள்வியை நம் வீட்டு வாசலில் வைத்து ஆராயப் புகுந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே, நமக்கு உறவும் இல்லாத, பகையும் இல்லாத தூர தேசத்து மக்கள் ஒருவரை முன்னே வைத்து ஆராய்வது நலம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மெக்ஸிக்கோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா முதலிய நாடுகளின் வழிவந்த மக்களை லத்தீனோக்கள் என்று அழைக்கிறார்கள். 2020-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி அவர்கள் 6 கோடியே 20 லட்சம் பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் அளவு. ஆனால், அந்நாட்டு வக்கீல்களுள் அவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவே உள்ளனர். இம்மக்களின் உரிமைக்காகவும் சமத்துவத்துக்காகவும் பாடுபட முன்வரும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கும் நிதிகள் அங்கே பல உண்டு. படிப்புச் செலவுக்கு மட்டும் கொடுப்பது ஒரு வகை. ஒரு கோடை விடுமுறைக்கோ, ஓரிரண்டு ஆண்டுகளுக்கோ உரிமைக் கழகம் ஒன்றில் வேலை செய்யச் சொல்லி, அந்த வேலைக்கு ஊதியம் கொடுப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையைப் பெல்லோஷிப் என்பர்.

இது நியாயமான தருமம்தானா என்பதே நாம் ஆராயப் போகும் பொருள்.

பசித்தவன் இருக்க வக்கீலுக்கா?

முதலில் எழும் மறுப்பு இதுதான்: "உண்ண உணவின்றி வாடுவோர் ஆயிரம் பேர் இருக்க, நாளை கோட்டும் சூட்டும் அணிந்து சம்பாதிக்கப் போகும் ஒருவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?"

மறுப்பு நேர்மையானது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஆனால், கணக்கை முழுவதும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பட்டம் பெற்ற பிறகு மேலும் மூன்று ஆண்டுகள் படித்தால்தான் ஒருவன் வக்கீலாகலாம். அந்தப் படிப்பை முடிக்கும்போது 1 லட்சம் டாலருக்கு மேல் கடனைச் சுமந்து வெளிவரும் மாணவர் பலர். பெரிய கம்பெனிகளுக்காக வாதாடும் முதல்தரமான வழக்கறிஞர் நிறுவனங்கள் புதிதாய்ச் சேருவோருக்கே ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கின்றன. ஏழைகளுக்காக வழக்காடும் கழகங்களில் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதே அரிது.

வணிகர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கடன்பட்டவன் தன் விருப்பப்படி சரக்கை விற்க முடியாது. கடன் கொடுத்தவன் குறிக்கும் விலைக்கே விற்க நேரும். கடன்பட்ட வக்கீலின் நிலையும் அதுவே. ஏழைக் கூலிக்காரனின் வழக்கை எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்கத் தொடங்கியவன், படிப்பு முடிந்ததும் தவணை கட்ட வேண்டிய கவலையால் வேறு வாசலில் போய் நிற்கிறான். உபகாரச் சம்பளம் அவனைச் செல்வனாக்குவதில்லை. தன் மனச்சாட்சி காட்டும் வழியில் நடப்பதற்கு வேண்டிய சுதந்திரத்தை அவனுக்கு மீட்டுத் தருகிறது. கடன்பட்டவரின் சுமையை இறக்குவதை ஜகாத்தின் எட்டு இனங்களுள் ஒன்றாகவே வைத்த மார்க்கம் நம்முடையது. மாணவன் ஒருவனின் கல்விக் கடனுக்கு ஜகாத் பொருளைச் செலவிடலாமா என்பதை உலமாப் பெருமக்கள்தாம் சொல்ல வேண்டும். ஆனால், கடன் மனிதனின் நாவைக் கட்டிவிடும் என்ற உண்மையை அறியத் தீர்ப்பு எதுவும் வேண்டியதில்லை.

பசித்தவனுக்குச் சோறு போடுவது இன்றைய கடமை. அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால், அவனுடைய கூலியைப் பறிக்க முடியாதபடி சட்டத்தின் காவலை ஏற்படுத்துவது நாளைய கடமை. ஒன்றைச் செய்தவர் மற்றொன்றிலிருந்து விடுபட்டவர் ஆகார்.

ஜூரியில் இல்லாத முகங்கள்

இப்போது பெரிய மறுப்புக்கு வருவோம். "தன் இனத்துக்கென்று வக்கீல்களை வளர்ப்பது பாரபட்சம் அல்லவா?"

பதில் சொல்வதற்கு முன் ஒரு வழக்கைப் பார்ப்போம். டெக்ஸாஸ் மாநிலத்தில் ஜாக்ஸன் கவுண்டி என்று ஒரு வட்டாரம். அங்கே ஹெர்னாண்டஸ் என்னும் பண்ணைத் தொழிலாளி மீது கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. கொல்லப்பட்டவரும் அவர் இனத்தவரே. சிங்கப்பூரில் 1969-ம் ஆண்டிலும், மலேசியாவில் 1995-ம் ஆண்டிலும் ஒழிக்கப்பட்ட ஜூரி முறை அமெரிக்காவில் இன்றும் உண்டு. ஹெர்னாண்டஸை விசாரித்த ஜூரியில் மெக்ஸிக்க வழிவந்தவர் ஒருவர்கூட இல்லை. அவ்வட்டார மக்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அவ்வினத்தவராயிருந்தும், இருபத்தைந்து ஆண்டுகளாக அவர்களுள் ஒருவரும் ஜூரியாக அமர்ந்ததே இல்லை. அந்த நீதிமன்ற வளாகத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் எழுத்து எதுவும் இல்லை. மற்றொன்றில் கறுப்பர்களுக்கு உரியது என்று ஆங்கிலத்திலும், அதன் கீழே ஆண்கள் இங்கே என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது.

மாநில அரசு சொன்ன வாதம் விந்தையானது. சட்டத்தின் சமப் பாதுகாப்பு வெள்ளையர், கறுப்பர் என்னும் இரண்டு வகுப்பாருக்கு இடையே மட்டும் பார்க்கப்பட வேண்டியது. மெக்ஸிக்கர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்ந்தவர்கள். ஆகவே வெள்ளையரே நிறைந்த ஜூரி அவர்களுக்கு அநீதி செய்ததாகச் சொல்ல முடியாது என்பதே அந்த வாதம். ஜூரியில் இடமில்லை, கணக்கில் மட்டும் இடம் உண்டு!

கஸ் கார்ஸியா, கார்லோஸ் கடேனா முதலிய மெக்ஸிக்க அமெரிக்க வக்கீல்கள் இவ்வழக்கைத் தலைமை நீதிமன்றம் வரை கொண்டு சென்றனர். அவ்வினத்து வக்கீல்கள் அம்மன்றத்தில் நின்று வாதாடியது அதுவே முதல் தடவை. லூலாக் என்னும் சங்கமும், போரில் சேவை செய்து திரும்பிய வீரர்களின் சங்கமும் செலவுக்குக் கைகொடுத்தன. 1954-ம் ஆண்டு மே மாதம் 3-ம் தேதி நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். ஓர் இனத்தாரை ஜூரியிலிருந்து திட்டமிட்டு விலக்கி வைப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வக்கீல்கள், "இவன் எங்கள் இனத்தவன், ஆகவே விட்டுவிடுங்கள்" என்று கேட்கவில்லை. "இவனை நியாயமான ஜூரி விசாரிக்கட்டும்" என்றுதான் கேட்டனர். மறு விசாரணை நடந்தது. அதிலும் ஹெர்னாண்டஸ் தண்டனையே பெற்றார். அதனால் அவர்கள் வழக்கில் தோற்றார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

இனப்பற்றையும் இன வெறியையும் பிரிக்கும் எல்லைக் கோடு இதுதான். தன் சமூகத்தை ஒருவன் நேசிப்பது வெறியாகாது. அநீதியில் தன் சமூகத்துக்குத் துணை போவதே வெறியாகும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அறிவிக்கப்பட்டுள்ளது. தன் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக அமைந்தாலும் நீதிக்கே சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் போதனை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை அநீதிக்குத் தூண்டிவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் எச்சரிக்கை. தராசின் இரண்டு தட்டுகளையும் பற்றிய போதனைகள் இவை. நம்மவன் தட்டைக் கையால் அழுத்தவும் கூடாது. அயலான் தட்டைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது.

உரிமை ஒரு வீட்டில் தங்குவதில்லை

அரிசியை ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அந்த வீட்டார் உண்பர். உரிமை அப்படிப்பட்ட பொருளன்று. ஒருவர் வென்ற உரிமை, கேளாத பிறர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில், கொன்ஸாலோ மெண்டஸ், பெலிஸிட்டாஸ் என்னும் தம்பதியர் இருந்தனர். கணவர் மெக்ஸிக்க வழியினர். மனைவி போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். மெக்ஸிக்கப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி உண்டு என்று சொல்லி, அவர்கள் பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்க்க மறுத்தனர். அவர்கள் அப்போது குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்த பண்ணை, யுத்த காலத்தில் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்ட ஜப்பானியக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது. அவர்களுக்காக வாதாடிய டேவிட் மார்க்கஸ் யூதர். 1946-ம் ஆண்டு வழக்கு வென்றது. எதிர்தரப்பார் மேல் முறையீடு செய்தபோது, கறுப்பின மக்களின் சங்கம், தர்குட் மார்ஷல் முதலியோர் பெயரில், மெண்டஸ் பக்கம் ஆதரவு மனு கொடுத்தது. 1947-ம் ஆண்டு அந்தத் தீர்ப்பு உறுதியாயிற்று. அதே ஆண்டு, பள்ளிகளில் இனப் பிரிவினைக்கு இடமளித்த சட்டத்தைக் கலிபோர்னியா நீக்கியது. அதில் கையெழுத்திட்ட கவர்னர் ஏர்ல் வாரன். அவரே பின்னர் தலைமை நீதிபதியாகி, 1954-ம் ஆண்டில், ஹெர்னாண்டஸ் வழக்கில் தீர்ப்பு வழங்கிய இரண்டு வாரங்களில், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட பிரவுன் வழக்கின் தீர்ப்பையும் எழுதினார். அந்த வழக்கில் வாதாடி வென்றவர் தர்குட் மார்ஷலே.

மெக்ஸிக்கர் வழக்குக்கு யூத வக்கீல். ஜப்பானியர் நிலத்தில் விளைந்த வருமானம். கறுப்பின மக்களின் ஆதரவு. இறுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெற்றி. இக்கணக்கில் யார் யாருக்குக் கடன் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்று எந்தக் கணக்குப் பிள்ளையாலும் பிரித்து எழுத முடியுமா?

தீர்ப்பு ஒன்று கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. ஹெர்னாண்டஸ் வழக்கு முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பின், 1966-ம் ஆண்டில், ஸான் அந்தோனியோ நகரத்து வக்கீல் பீட் திஹெரினா, ஒரு காலை இழந்த பெண்மணிக்காக நட்டஈட்டு வழக்கு நடத்தச் சென்றார். ஜூரிப் பட்டியலில் தம் மக்களுக்கு நியாயமான இடம் இல்லாததைக் கண்டார். தலைமை நீதிமன்றத் தீர்ப்பு ஏட்டில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வட்டாரம் வட்டாரமாகச் சென்று வழக்காட ஆளும் இல்லை, பணமும் இல்லை. அவர் கறுப்பின மக்களின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தாரை அணுகினார். அவர்கள் தங்கள் பங்கு குறைந்துவிடுமே என்று எண்ணாமல், போர்ட் அறநிலையத்தாரிடம் வழிகாட்டிவிட்டனர். 1968-ம் ஆண்டு மால்டெப் என்னும் மெக்ஸிக்க அமெரிக்கர் சட்டப் பாதுகாப்பு நிதியம் பிறந்தது. ஐந்தாண்டுகளுக்கென்று போர்ட் அறநிலையம் கொடுத்த 22 லட்சம் டாலரில் இரண்டரை லட்சம் டாலர், சட்டம் பயிலும் மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்கே ஒதுக்கப்பட்டது. கடை திறந்த அன்றே அடுத்த தலைமுறைக்கு முதல் எடுத்து வைத்தார்கள் என்று நாம் சொல்லலாம்.

அந்நிதியத்தை 1973-ம் ஆண்டு முதல் 1982-ம் ஆண்டு வரை தலைமை தாங்கி நடத்தியவர் வில்மா மார்ட்டினஸ் என்னும் பெண்மணி. அதற்கு முன் அவர் பணி பழகியது கறுப்பின மக்களின் நிதியத்தில்தான். அவர் தலைமைக் காலத்தில் டெக்ஸாஸ் மாநிலத்து டைலர் நகரப் பள்ளிகள், அனுமதிப் பத்திரமில்லாமல் குடியேறியோரின் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டன. வழக்கு தலைமை நீதிமன்றம் வரை சென்றது. 1982-ம் ஆண்டு, ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்று, அப்பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக் கல்வி உண்டு என்று தீர்ப்பாயிற்று. வழக்கு நடத்தியது மெக்ஸிக்க அமெரிக்கர் நிதியம். ஆனால், அந்தப் பள்ளிக் கதவு ஆசியப் பிள்ளைக்கும், ஆப்பிரிக்கப் பிள்ளைக்கும், அதே நிலையிலுள்ள எந்த நாட்டுப் பிள்ளைக்கும் திறந்தது.

எதிர்த் தரப்பாரின் கேள்வி

நியாயம் பேச வந்த நாம் எதிர்த் தரப்பாரின் வாதத்தையும் கேட்க வேண்டும். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம், கல்லூரிகளில் மாணவரைச் சேர்க்கும்போது இனத்தை ஒரு தகுதியாகக் கொள்வதை அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தடுத்துவிட்டது. இரண்டு மாதங்களில், பெர்க்கின்ஸ் கூயி, மாரிஸன் போர்ஸ்டர் என்னும் இரண்டு பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன. சிறுபான்மை இனத்தார் முதலியோருக்கென்று அவை வைத்திருந்த பெல்லோஷிப்புகள் பிறருக்கு அநீதி செய்வதாகக் குற்றம் சாட்டப்பட்டது. இரண்டு நிறுவனங்களும் அந்த வாய்ப்பை எல்லாருக்கும் பொதுவாக்கின. வழக்குகளும் அவ்வாண்டிலேயே திரும்பப் பெறப்பட்டன.

"ஏழை வெள்ளைக்காரன் மகனும் என்னோடுதான் படிக்கிறான். அவன் பிறப்பைக் காட்டி அவனுக்குக் கதவை மூடுவது எப்படி நியாயம்?" என்ற கேள்வியை ஏளனம் செய்து தள்ள முடியாது. பிறப்பைக் காட்டி ஜூரியில் இடம் மறுத்ததைத்தானே ஹெர்னாண்டஸ் வழக்கில் எதிர்த்தார்கள்? அதே அளவுகோல் தமக்கும் பொருந்தும் அல்லவா?

மறு பக்கத்தாருக்கும் வலுவான பதில் உண்டு. "கதவைப் பொதுவாகத் திறந்துவிட்டால், நல்ல பள்ளியில் படித்தவனும், செல்வந்தர் மகனுமே முதலில் நுழைவார்கள். நூற்றுக்கு ஆறு என்ற கணக்கு என்றும் ஆறாகவே நிற்கும்" என்கிறார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. பந்தயத்தில் ஒருவன் காலில் விலங்கிட்டு நெடுநேரம் நிறுத்திவிட்டு, பின்னர் விலங்கைக் கழற்றி, "இனி எல்லாரும் சமம், ஓடுங்கள்" என்பது முழு நியாயமாகாது.

இரண்டு நியாயங்கள் மோதும் இடத்தில்தான் மனச்சாட்சிக்கு வேலை. நம் அபிப்பிராயம் இது: உதவியின் வாசலில் பிறப்பை எழுதி வைக்காமல், பணியை எழுதி வைப்பதே சிறந்த வழி. "லத்தீனோவுக்கு மட்டும்" என்று எழுதுவதற்கும், "லத்தீனோ மக்களின் உரிமைக்காக உழைக்க உறுதி கொண்டவருக்கு" என்று எழுதுவதற்கும் மிகுந்த வேற்றுமை உண்டு. முதல் வாசகத்தில் டேவிட் மார்க்கஸுக்கு இடமில்லை. அதே சமயம், தன் மக்களைத் திரும்பிப் பார்க்காமல் பணம் ஒன்றையே நாடும் லத்தீனோ வக்கீலுக்கு இடம் உண்டு. இரண்டாவது வாசகத்தில் நிலைமை நேர்மாறு.

அப்படியானால், அம்மக்களிடையே பிறந்து வளர்ந்ததற்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஸ்பானிய மொழி பேசும் தாய்க்காகச் சிறு வயதிலேயே அரசாங்க அலுவலகத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொன்ன பிள்ளைக்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு இருக்கும். அந்த அறிவுக்கு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். நடந்து வந்த பாதையின் கடுமையையும், வீட்டு வறுமையையும் எடை போடத்தான் வேண்டும். ஆனால், மதிப்பது அறிவையும் உழைப்பையும் பட்ட துன்பத்தையும், இரத்தத்தை அன்று. இப்படித் தேர்ந்தெடுப்பது கடினம். விண்ணப்பத்தில் இனப் பெயரைப் பார்த்து முத்திரை குத்துவது எளிது. எளிதான தராசு சரியான தராசாவதில்லை.

மக்கத்து ஒப்பந்தம்

வணிகர்களாகிய நாம் மறக்கக் கூடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. நபித்துவத்துக்கு முந்திய காலத்தில், எமன் நாட்டு ஸபீத் என்னும் ஊரிலிருந்து வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டு வந்தார். மக்கத்துப் பிரமுகரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். அந்த அயலூராருக்கு மக்காவில் கோத்திரமும் இல்லை, கேட்பாரும் இல்லை. அவர் குன்றின் மீது ஏறி நின்று முறையிட்டார். அப்போது மக்கத்துக் கோத்திரத்தார் சிலர், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவன் யாராயிருப்பினும் அவனுடைய ஹக்கு அவனுக்குக் கிடைக்கும் வரை ஒன்றாய் நிற்போம் என்று உறுதி செய்தனர். ஹில்புல் புளூல் என்னும் அவ்வொப்பந்தத்தில் இளைஞராயிருந்த நம் பெருமானார் (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னும், அத்தகைய ஒப்பந்தத்துக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்ற கருத்தில் அதனைப் போற்றினார்கள்.

அங்கே கூடியவர்கள் எமன் வணிகரின் உறவினர் அல்லர். அவர்கள் பார்த்தது அவர் பிறப்பை அன்று. அவருக்கு வர வேண்டிய பாக்கியை. கோத்திரமே சட்டமாயிருந்த காலத்தில், கோத்திரமில்லாதவருக்கும் ஹக்கு உண்டு என்று எழுந்த குரல் அது.

நம் சங்கங்களும் மாணவர்களுக்குக் கல்வி உதவி அளித்து வருகின்றன. விண்ணப்பங்களைப் பார்வையிடக் கூடும்போது, "இவன் யார் வீட்டுப் பிள்ளை? எந்த ஊர்?" என்ற கேள்விகள் தாமாகவே நாவில் வரும். அவற்றோடு நின்றுவிடாமல் மூன்றாவது கேள்வி ஒன்றையும் கேட்போமாக: "படித்து முடித்த பின் இவன் யாருக்காக நிற்பான்?" இக்கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் பிள்ளை உறவில்லாத வீட்டிலிருந்து வந்தாலும், நாம் கொடுத்த பொருள் வீண் போகாது. பதில் சொல்ல இயலாத பிள்ளை நம் சொந்த வீட்டுப் பிள்ளையாயினும், நாம் கொடுத்தது அன்பளிப்பே அன்றிப் பொதுப் பணியாகாது. சொந்தப் பணத்தில் அன்பளிப்புக் கொடுப்பது நம் விருப்பம். சங்கத்தின் நிதியோ பலர் நம்பி ஒப்படைத்த அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்கப்படும்.

நம்மவருக்கு உதவும்போது நீதி தவறாத நெஞ்சையும், நீதிக்கு உதவும்போது நம்மவர், அயலார் என்று பாராத நெஞ்சையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.